கடவுளை நம்புவது என்றால் அற்புதம் நடக்கும் என்று நம்புவதா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனைவிக்கு ஐந்தாம் மாதம். ஸ்கேனில் சந்தேகம் வந்து, பனிக்குட நீரை எடுத்துப் பரிசோதித்ததில் குழந்தைக்கு டிரைசோமி 18 என்று உறுதியாகிவிட்டது. டாக்டர் கலைத்துவிடலாம் என்கிறார். பங்குக் கோயிலிலிருந்து ஜெபக்குழுவினர் வீட்டுக்கு வந்து, "முழுசா நம்புங்க, குழந்தை நல்லபடியாகப் பிறக்கும், நீங்க சந்தேகப்பட்டால்தான் தடை" என்கிறார்கள். "இதில் திருச்சபை எங்களிடம் என்னதான் கேட்கிறது?" என்று எழுதியிருக்கிறீர்கள். கருக்கலைப்பு சரியா தவறா என்பதல்ல உங்கள் கேள்வி. கலைக்கப் போவதில்லை என்று நீங்கள் இருவரும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது மூன்றாவது வரியிலேயே தெரிகிறது. குழந்தை குணமாகும் என்று நம்ப முடியவில்லை, அப்படியானால் எங்களுக்கு விசுவாசம் இல்லையா? இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போகிற போக்கில், பிறப்பதற்கு முன்பே பெயர் வைக்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

நான் ஒரு துறவற சபைச் சகோதரி. செவிலியாகப் பிரசவ வார்டில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவள். நடுவில் அறநெறி இறையியல் படிக்க அனுப்பினார்கள்; படித்துவிட்டு வார்டுக்கே திரும்பினேன். மருத்துவர் அல்ல, திருச்சபைச் சட்ட வல்லுநரும் அல்ல. உங்கள் மனைவியின் அறிக்கையை நான் பார்க்கவில்லை. ஆகவே சிகிச்சை பற்றிச் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

விசுவாசம் இல்லையா என்ற கேள்விக்கு நேராகவே பதில்: இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு நோய் குறிப்பிட்ட ஒருவருக்குக் குணமாகும் என்று நம்பியாக வேண்டும் எனக் கத்தோலிக்கத் திருச்சபை யாரிடமும் எங்கும் கேட்டதில்லை. அற்புதம் நடக்கலாம் என்று நம்புகிறது. அதற்காக வேண்டச் சொல்கிறது. ஆனால் நடந்தது அற்புதம்தான் என்று சொல்வதில் அது மகா கஞ்சம். பிரான்சின் லூர்து நகரில் 1858-ல் மாதா காட்சி நடந்த நாளிலிருந்து குணமானதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். 1883 முதல் அதற்கென்றே ஒரு மருத்துவ அலுவலகம் அங்கே இருக்கிறது. இத்தனை காலத்தில் ஆயர்கள் அற்புதம் என்று ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். திருச்சபையே இவ்வளவு நிதானமாக இருக்கும்போது, உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து உத்தரவாதம் கொடுக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. நல்ல மனதோடுதான் வந்திருப்பார்கள், சரி. ஆனால் "நீங்க சந்தேகப்பட்டால்தான் தடை" என்ற வாக்கியம் ஆபத்தானது. குழந்தை இறந்தால் பழி தாயின் தலையில் வந்து விழும். ஆலய உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று இயேசுவிடம் சொன்னது யார் என்று மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பாருங்கள். கடவுளைச் சோதிக்காதே என்று அவர் மறுத்துவிட்டார். அதே இயேசு இறப்பதற்கு முந்தைய இரவு கெத்சமனித் தோட்டத்தில் துன்பக்கிண்ணம் நீங்க வேண்டும் என்று மன்றாடினார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லையே.

இதை எனக்குச் சரியாகப் புரியவைத்தது ஒரு தாய். வேலைக்கு வந்து நான்காவது வருடம் இருக்கும். குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று அவருக்குச் சொல்லியாகிவிட்டது. பிரசவ வலி வரக் காத்திருந்தார். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் பார்த்துக்குவார்மா" என்றேன். அவர் கையை உருவிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கேட்டார்: "பார்த்துக்கிட்டுத்தானே சிஸ்டர் இருக்கார்?" பதிலே இல்லை என்னிடம். அன்றைக்கு அந்த அறையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை, அவர் முதுகைத் தடவிவிட்டதும் குழந்தையைத் துடைத்துத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்ததும்தான். அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இனி நோயைப் பற்றிக் கொஞ்சம். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு இருக்க வேண்டிய பதினெட்டாவது குரோமோசோம் மூன்றாக இருப்பதுதான் டிரைசோமி 18. எட்வர்ட்ஸ் சிண்ட்ரோம் என்றும் எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போதே, செல் பிரிவில் நேரும் பிசகு இது. உங்கள் மனைவி சாப்பிட்டதோ, தூக்கியதோ, வேலைக்குப் போனதோ காரணமல்ல. பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம், இவரா இவர் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டு பேரும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). அதை உங்கள் மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். ரத்தம் எடுத்துச் செய்யும் முதல்கட்டச் சோதனை மட்டும் நடந்திருந்தால், அது வடிகட்டும் சோதனைதான், தவறலாம், காத்திருங்கள் என்றிருப்பேன். பனிக்குட நீர் முடிவு அப்படியல்ல. அறிக்கையில் மொசைக் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். சில செல்களில் மட்டும் மாற்றம் இருந்தால் குழந்தையின் நிலை வேறு மாதிரி இருக்கலாம். முழு டிரைசோமி என்றால், பிறப்பதற்கு முன்பே இறந்துவிடும் குழந்தைகள் நிறைய. உயிரோடு பிறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முதல் இரண்டு வாரத்துக்குள் போய்விடுகிறார்கள். முதல் பிறந்தநாளைக் காண்பவர்கள் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்து என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. இதய அறுவை சிகிச்சை வரை போகும் இடங்களில் கொஞ்சம் கூடுதல். இந்தக் குழந்தைகளின் கை ஒரு தனி விதமாக இருக்கும். முட்டி இறுக மூடியிருக்கும், ஆள்காட்டி விரல் நடுவிரலின் மேல் ஏறிப் படிந்திருக்கும். உங்கள் விரலை அதற்குள் நுழைக்க முடியாது. ஆனால் அந்த முட்டியை உங்கள் உள்ளங்கையால் மூடிக்கொள்ளலாம். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பார்த்ததும் திடுக்கிட மாட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

திருச்சபை உறுதியாகச் சொல்வது என்ன? கருவில் இருக்கும் உயிரை நேரடியாக அழிப்பது தவறு. நோய், ஊனம், வறுமை எதுவும் அதைச் சரியாக்காது. இது நேற்று வந்த போதனை அல்ல. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த ‘திதாக்கே’ என்ற ஆதிக் கிறிஸ்தவச் சிறு நூலிலேயே கருவைக் கொல்லாதே என்ற கட்டளை இருக்கிறது. 1995-ல் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் ‘வாழ்வின் நற்செய்தி’ சுற்றுமடலில் தம் அதிகாரத்தின் முழு எடையையும் வைத்து இதைத் திரும்பச் சொன்னார். ஆன்மா எந்த நொடியில் வருகிறது என்பதில் மட்டும் வாதம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் புனித தாமஸ் அக்குவினாஸ் சில வாரங்கள் கழித்துத்தான் என்று நினைத்தார். 1974-ல் உரோமை வெளியிட்ட அறிக்கை அந்த மெய்யியல் கேள்வியைத் தீர்க்க முயலவில்லை. அது சொன்னது இவ்வளவுதான்: இது ஒரு மனித ஆள்தானா என்ற சந்தேகம் இருந்தால்கூட, கொலையாக இருக்கக்கூடிய ஒன்றைத் துணிந்து செய்வது பெரும் பாவம். புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரியாமல் சுடக் கூடாதில்லையா, அந்த மாதிரி.

இதோடு சேர்த்து, உங்கள் பங்கில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தாயின் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது விசுவாசம் ஆகாது. தாயின் உயிரைக் காக்க அவசரமாக ஓர் அறுவையோ மருந்தோ தேவைப்பட்டு, யாரும் விரும்பாத, ஆனால் தவிர்க்க முடியாத பின்விளைவாகக் குழந்தை இறந்தால், அதை உயிரின் மீதான நேரடித் தாக்குதல் என்று சொல்ல முடியாது என்று 1951-லேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விளக்கியிருக்கிறார். பனிக்குடம் முன்கூட்டியே உடைந்து கருப்பையில் தொற்று ஏறினால், அந்தத் தொற்றை நீக்கப் பிரசவத்தைத் தூண்டுவதைப் பெரும்பாலான கத்தோலிக்க அறநெறியாளர்கள் இந்த அடிப்படையில் ஏற்கிறார்கள். காய்ச்சல், நாற்றமுள்ள நீர், ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஜெபமாலையை வண்டியில் சொல்லிக்கொள்ளலாம்.

புனித ஜான்னா பெரெத்தா மோல்லாவின் படத்தை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பற்றி ஜெபக்கூட்டங்களில் சொல்லும் கதை பாதிதான் சரி. சிகிச்சையே வேண்டாம் என்று மறுத்து, கடவுள் மேல் பாரத்தைப் போட்டு உயிரைவிட்டவர் என்கிறார்கள். அவரே ஒரு குழந்தை மருத்துவர். 1961-ல், நான்காவது குழந்தையைச் சுமந்த இரண்டாம் மாதத்தில், கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. வழிகள் மூன்று. கருப்பையையே எடுத்துவிடுவது: குழந்தை இறக்கும், ஆனால் நோயுற்ற உறுப்பை நீக்கும் சிகிச்சை என்பதால் திருச்சபையின் போதனை அதை அனுமதிக்கிறது. கருவைக் கலைப்பது: அனுமதி இல்லை. மூன்றாவது, கட்டியை மட்டும் நீக்கிவிட்டுக் கர்ப்பத்தைத் தொடர்வது. தாய்க்கு ஆபத்து அதிகம். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார், அதாவது அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1962 ஏப்ரல் 21-ல் மகள் பிறந்தாள். ஏப்ரல் 28-ல் வயிற்று உறையில் பரவிய தொற்றால் தாய் இறந்தார். 2004-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் செய்தது கடமைக்கு மேற்பட்ட அன்பு. கடமைக்கு மேற்பட்டதை ஒருவர் தாமாகச் செய்யலாம். இன்னொருவர் தலையில் சுமத்தக் கூடாது. படம் இருக்கட்டும். உங்கள் மனைவிக்கு அது அளவுகோலாக வேண்டாம்.

பிறந்த பிறகு எவ்வளவு சிகிச்சை என்பது உங்களுக்கு வரப்போகும் கடினமான கேள்வி. இங்கேதான் உறுதியும் சந்தேகமும் கலந்து கிடக்கின்றன. சூடு, பால், வலியில்லாமை, தொடுகை: இவை எந்தக் குழந்தைக்கும் மறுக்கக் கூடாதவை, அதில் கருத்து வேறுபாடு இல்லை. வெண்டிலேட்டரும் இதய அறுவையும் அப்படியல்ல. சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு, தாங்க முடியாத சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளக் கடமை இல்லை என்று 1957-ல் மயக்க மருந்து நிபுணர்களிடம் அதே பன்னிரண்டாம் பத்திநாதர் சொன்னார். எது சாதாரணம், எது அசாதாரணம் என்பதற்குப் பட்டியல் கிடையாது. அந்தக் குழந்தைக்கு அந்தச் சிகிச்சை என்ன நன்மை தரும், எவ்வளவு துன்பம் தரும் என்று பார்த்து, பெற்றோரும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். ஒரே நோயுள்ள இரண்டு குடும்பங்கள் எதிரெதிரான முடிவெடுத்து, இரண்டுமே சரியாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று சொன்னால் குழந்தையைக் கொன்றதாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். நோய் கொல்வதும் நாம் கொல்வதும் ஒன்றல்ல. 2020-ல் உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட மடல், இத்தகைய குழந்தைகளுக்குக் கருவில் இருக்கும்போதே தொடங்கும் ஆதரவுப் பராமரிப்பைப் பற்றித் தனியாகவே பேசுகிறது. உங்கள் மருத்துவமனையில் வலிதணிப்புக் குழு இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். எட்டாம் மாதம் வரை காத்திருக்க வேண்டாம்.

சீக்கிரமே பிரசவத்தைத் தூண்டிவிடலாமா என்றும் கேட்பார்கள். குழந்தை பிழைக்காது என்ற ஒரே காரணத்துக்காக, வெளியே உயிர் வாழக்கூடிய வளர்ச்சி வருமுன் தூண்டக் கூடாது. 1996-ல் அமெரிக்க ஆயர் பேரவையின் கோட்பாட்டுக் குழு மூளை உருவாகாத குழந்தைகளைப் பற்றிச் சொன்னபோதும் இதே நிலைதான். தாயின் உடல்நிலை காரணமாக, அந்த வளர்ச்சி வந்த பிறகு தூண்டுவதில் சிக்கல் இல்லை. தாயின் மனச்சுமை மட்டுமே காரணம் என்றால் போதுமா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கட்டம் வந்தால், விஷயம் தெரிந்த ஒரு குருவிடம் நேரில் பேசுங்கள்.

திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யாரும் திருமுழுக்குக் கொடுக்கலாம், நீங்களே கொடுக்கலாம். தலையில் தண்ணீர் ஊற்றி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே உனக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னால் போதும். வார்டில் நாங்கள் தண்ணீரை முதலில் உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்வோம், ஏனென்றால் குறைமாதக் குழந்தைக்குச் சில சொட்டுக் குளிர்ந்த நீரே அதிகம். இன்குபேட்டருக்குள் என்றால், ஊசி இல்லாத சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்து நெற்றியில் ஓடவிடுவோம். இறந்து பிறந்தால் திருமுழுக்குக் கொடுப்பதில்லை. திருமுழுக்கு போன்ற அருளடையாளங்கள் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். அப்போது குழந்தை எங்கே போகும் என்று உள்ளுக்குள் ஒரு கேள்வி குடையும். திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள் போகும் இடம் லிம்போ என்று பாட்டிமார் சொல்வது திருச்சபை ஒருபோதும் கட்டாயக் கோட்பாடாக அறிவிக்காத ஒரு கருத்து. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1261-ம் எண்ணில் அக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது. 2007-ல் பன்னாட்டு இறையியல் ஆணையம் நீண்ட ஆய்வுக்குப் பிறகு, அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு என்றது. அதை உறுதியான அறிவு என்று சொல்லவில்லை. நான் எதிர்நோக்குகிறேன், முழு மனதோடு.

இதை வாசிக்கும் வேறு யாராவது இதே நிலையில் கலைத்திருக்கலாம். உங்கள் ஜெபக்குழு சபைநீக்கத்தைச் சொல்லி மிரட்டியதாக எழுதியிருப்பதால் அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை. திருச்சபைச் சட்டத்தொகுப்பில் அப்படி ஒரு தண்டனை இருப்பது உண்மை. ஆனால் கடும் பயத்தால் செய்தவருக்கும், தம் குற்றமின்றி அந்தத் தண்டனையைப் பற்றி அறியாதவருக்கும், பதினெட்டு வயது நிரம்பாதவருக்கும் அது தானாக வந்து சேராது என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லா குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்துவிட்டார். அருகில் உள்ள எந்தக் கோயிலிலும் ஒப்புரவுக்கு, அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கு, போகலாம். முன்பே சொன்ன 1995 சுற்றுமடலின் 99-ம் பத்தி நேரடியாக அந்தப் பெண்களிடமே பேசுகிறது. மனம் தளராதீர்கள், நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள் என்கிறது.

மனைவி ஜெபிக்க மறுக்கிறார், திருப்பலியில் வாய் திறப்பதில்லை என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். திருப்பாடல் 88-ஐ ஒருநாள் தனியாகப் படித்துப் பாருங்கள். மற்ற புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் எப்படியோ சுற்றிவந்து புகழ்ச்சியில் முடியும், இது இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று விவிலியத்தில் வைத்திருக்கிறார்கள். அவர் தினமும் இரும்புச்சத்து மாத்திரை போடுகிறார், இடது பக்கமாகப் படுக்கிறார், அசைவை எண்ணுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குணமாகும் என்று நினைக்காமலே இத்தனையும் செய்கிறவருக்கு நம்பிக்கையைப் பற்றி நான் என்ன சொல்லிக் கொடுப்பது?

பெயர் வையுங்கள், தடை ஏதும் இல்லை. இன்றைக்கே வைக்கலாம். வைத்த பிறகு ஃபைலின் முகப்பில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஒவ்வொரு செக்கப்புக்கும் அந்த ஃபைலோடு போங்கள். பெயர் எழுதியிருந்தால் ஸ்கேன் எடுப்பவர்கூட ‘கரு’ என்று சொல்வதை நிறுத்திவிட்டு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பல முறை பார்த்திருக்கிறேன்.